கான்சஸ் புல்வெளியில் ஒரு கல் பள்ளிக்கூடம்

செங்கதிர்:
அமெரிக்காவின் மேற்கே முதலில் குடியேறியவர்கள் மரக்குடில்களில் வாழ்ந்ததாகத்தான் படித்திருக்கிறேன். ஆனால் கான்சஸ் மாநிலத்தில், ஸ்ட்ராங் சிட்டிக்கு அருகே 1882-இல் கட்டிய லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளி முழுவதும் சுண்ணாம்புக்கல். ஒரே அறை. அந்த ஊரார் அவ்வளவு வசதி படைத்தவர்களா?

ஓராசிரியர்:
வசதியால் அல்ல, மரம் இல்லாததால்! அது ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதி. ஓடைக்கரைகளை விட்டால் எங்கும் புல்தான். சற்றுத் தோண்டினாலே சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் தட்டும், ஏர் இறங்காது. ஆகவே மாடு மேய்த்தார்கள். வீடு, தொழுவம், வேலிச்சுவர் எல்லாவற்றையும் காலடியில் கிடைத்த கல்லிலேயே எழுப்பினார்கள். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் ஸ்டீபன் ஜோன்ஸ் என்ற பண்ணைக்காரர். 1884-இல் வகுப்புகள் தொடங்கின.

நானும் ஓராசிரியர் பள்ளியில் பாடம் நடத்தியவள். அதனால் கட்டடத்தைவிட உள்ளே நடந்ததுதான் என்னை ஈர்க்கிறது. அக்காலத்து ஓரறைப் பள்ளிகளில் எட்டு வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர், பெரும்பாலும் இளம்பெண். ஒரு வகுப்பை முன்பெஞ்சுக்கு அழைத்துப் பாடத்தை ஒப்பிக்கச் சொல்வார். அதுவரை மற்றவர்கள் சிலேட்டில் கணக்குப் போட வேண்டும். சிறியவர்கள் பெரியவர்களின் பாடத்தையும் காதில் வாங்கிக்கொண்டே வளர்வார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! அந்த ஆசிரியைகளின் உழைப்பை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

நிலவரைவு:
பள்ளிகளுக்கான பணத்தில் ஒரு பங்கு நிலத்திலிருந்தே வந்தது. 1785-ஆம் ஆண்டு நிலச்சட்டப்படி, ஆறு மைல் சதுரமான ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் 36 கட்டங்களாகப் பிரித்து, 16-ஆவது கட்டத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினார்கள். கான்சஸில் 36-ஆவது கட்டமும் சேர்ந்தது. பள்ளியை அங்கேதான் கட்ட வேண்டும் என்பதில்லை. நிலத்தை விற்று வரும் தொகை பள்ளி நிதிக்குப் போகும்.

ஆனால் அது யாருடைய நிலம்? அருகிலுள்ள கவுன்சில் குரோவ் பகுதியில் வாழ்ந்த கா பழங்குடியினரை 1873-இல்தான் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு, வெளியேற்றினார்கள். பள்ளி எழுந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. இதை விட்டுவிட்டுக் குடியேறிகளின் வரலாற்றைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

செங்கதிர்:
இருவருக்கும் நன்றி. பள்ளி எப்போது மூடப்பட்டது?

ஓராசிரியர்:
1930-இல். சிதையத் தொடங்கிய கட்டடத்தைப் பிற்பாடு அப்பகுதித் தோட்டக்கலைச் சங்கங்கள் முன்வந்து சீரமைத்தன. 1974-இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அது, 1996-இல் அமைந்த டால்கிராஸ் பிரெய்ரி தேசியப் புல்வெளிக் காப்பகத்துக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஜோன்ஸின் பண்ணை வீட்டையும் பாருங்கள், அதுவும் கல்தான்.