கொடைக்கானலைக் கேட்க ஒரு துண்டுக் கேபிள்

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தமிழ்நாட்டு வானொலியான கொடைக்கானல் எப்.எம். என்றால் உயிர். 100.5 மெகாஹேர்ட்ஸ். இங்கிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர் தூரம். ஆனால் நிலையம் மலையில் இருக்கிறது, நடுவே மன்னார் வளைகுடா. பெப்ரவரி, மார்ச்சில் காற்று அடங்கிய இரவுகளில் கடலுக்கு மேலாக வந்து சேர்ந்துவிடும். வந்தும் என்ன, பக்கத்து அலைவரிசையில் ஓர் உள்ளூர் நிலையம் அதை மூடிவிடும். இவ்வளவு நெருக்கத்தில் நிற்பதை வடிகட்டி வைத்து வெட்டவும் முடியாது.

இரண்டும் வரும் திசைதான் கைகொடுத்தது. கொடைக்கானல் வடமேற்கில், உள்ளூர்க் கோபுரம் வடக்கில், இடையே 35 பாகை. இரண்டு அன்ரனாக்களில் ஒன்றின் அவத்தையை, அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தை, மாற்றி நாம் ஒழிப்பது ஒரு திசையைத்தான் என்பது எனக்குப் பிடிபடவே ஒரு மாதம் ஆனது.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இடம் கொஞ்சம்தான். ஒரே மாதிரி இரண்டு யாகி அன்ரனாக்களை (ஒரு திசையைப் பார்த்து வாங்குபவை) 1.8 மீற்றர் இடைவெளியில், வடமேற்கைப் பார்க்க வைத்து, இரண்டின் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்தேன். கொடைக்கானல் அலை இரண்டுக்கும் ஒன்றாக வரும். வடக்கிலிருந்து வருவது கடல் பக்கத்து அன்ரனாவுக்கு ஒரு மீற்றர் பிந்தும். முழு அலை ஒன்று ஏறக்குறைய 3 மீற்றர், அதை 360 பாகை என்று வைத்தால் இது 125 பாகை. மீதி 55 பாகையையும் அதே அன்ரனாவின் கேபிளில் பிந்த வைத்தால் 180 ஆகிவிடும், ஒன்றையொன்று அழித்துவிடும். கொடைக்கானலில் இழப்பது 1 டெசிபெல் மட்டுமே.

அந்தக் கேபிளில் 30 சென்ரிமீற்றர் கூட்டினேன். உள்ளூர் நிலையம் கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய கேபிளை வெட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே நுரை வகை என்று தெரிந்தது. நான் கணக்குப் போட்டது கெட்டிப் பொலித்தீனுக்கு, அதில் அலை ஒளியின் வேகத்தில் 66 வீதத்தில் ஓடும். நுரையில் 82 வீதம். சரி, 38 சென்ரிமீற்றராக மாற்றினேன். அன்றிரவு அப்பா பதினொரு மணிவரை வானொலியை விட்டு எழும்பவில்லை.

பதில்:

அண்ணா, நான் கொட்டாஞ்சேனை. எனக்கு 7 மெகாஹேர்ட்ஸில் பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கின் இரைச்சல். அந்தச் சுவரோரம் ஒரு சிறு வயரை இரண்டாவது அன்ரனாவாகப் போட்டு, அதன் அவத்தையைத் திருப்பிப் பிரதான அன்ரனாவோடு சேர்த்தேன். அவத்தை சரியாக இருந்தும் முதலில் இரைச்சல் போகவில்லை. வீச்சமும், அதாவது அலையின் பலமும், சமமாக வேண்டும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். வீச்சம் 10 வீதம் பிசகினாலே இரைச்சல் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையாது, அவத்தை 6 பாகை பிசகினாலும் அப்படித்தான். இரண்டையும் மாறி மாறித் திருக வேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். இப்போது யாழ்ப்பாணத்து நண்பர்களின் குரல் தெளிவாக வருகிறது. லிஃப்ட் ஓடும்போது வரும் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது, அது வேறு இடத்திலிருந்து வருவது. இரண்டு அன்ரனாவால் ஒன்றைத்தானே ஒழிக்கலாம்! மூன்றாவதுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.