வாடகைக்கு வருபவரைப் பற்றி எப்படி விசாரிப்பது? அவசரம்

மாடிவீடு:
அப்பா கட்டிய மாடியை முதல் தடவையாக வாடகைக்கு விடுகிறோம். ஒருவர் வந்து பார்த்தார், வீடு பிடித்துவிட்டது. நாளைக்கே அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறார், படம் ஒரே கறுப்பாக விழுந்திருக்கிறது. ஆள் எப்படி என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலாற்று மணல்:
எந்த ஏரியா? குடும்பமா, தனி ஆளா? என்ன வேலை?

காட்பாடிக்காரன்:
வாடகை, அட்வான்ஸ் எவ்வளவு பேசினீர்கள்? அதையும் சொல்லுங்கள்.

மாடிவீடு:
அவசரத்தில் விட்டுவிட்டேன். சத்துவாச்சாரி. தனி ஆள், முப்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் வேலையாம். வாடகை 9,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்டேன், பேரமே பேசாமல் சரி என்றார்.

கோட்டை அகழி:
பேரம் பேசாதவர் வாடகை தரமாட்டார். எங்கள் வீட்டில் இருந்தவரும் இப்படித்தான். இரண்டே மாதம் கொடுத்தார், அப்புறம் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் சார்’.

பாலாற்று மணல்:
வேலூரில் ஆஸ்பத்திரி வேலை என்று யார்தான் சொல்லவில்லை? அடையாள அட்டையைக் கேளுங்கள்.

சட்டப்புள்ளி:
இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாயிற்று. தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்று போட்டால் தப்பிக்கலாம் என்பது பழைய கதை. இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாதம்தான். பத்து மாதம் கேட்டுவிட்டு நீங்கள் அவரை விசாரிக்கிறீர்களாக்கும்!

காட்பாடிக்காரன்:
மூன்று மாத அட்வான்ஸுக்கு நீங்கள் வீடு விடுவீர்களா சார்?

சட்டப்புள்ளி:
எனக்கு வாடகை வீடு இல்லை.

காட்பாடிக்காரன்:
அதானே பார்த்தேன்.

குடித்தனக்காரன்:
காலி செய்யும்போது பெயிண்ட் என்று ஒரு மாதத்தைப் பிடிக்கிறீர்களே, அந்தப் பெயிண்டை எந்த வீட்டில் அடித்தீர்கள்? பேச்சிலர் என்றாலே திருடன் மாதிரி பார்ப்பது வேறு.

கோட்டை அகழி:
சுவரில் ஆணி அடிக்காத பேச்சிலரைக் காட்டுங்கள், பேசலாம்.

தொரப்பாடி அக்கா:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மாடிவீடு, ஜெராக்ஸை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அசல் ஆதாரைக் கேளுங்கள். அதிலுள்ள க்யூஆர் கட்டத்தை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் விவரமும் வரும். கார்டில் அச்சாகியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் பழைய வீட்டுக்காரர். இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனர், ஆள் போனால் போதும் என்று ‘தங்கமான பையன்’ என்பார். அதற்கு முந்தைய ஓனருக்கு எந்த லாபமும் இல்லை, அவர்தான் உள்ளதைச் சொல்வார். போன் வேண்டாம், நேரில் போங்கள். வாடகைக்கு வருபவர் கொடுத்த நம்பரில் எடுப்பது அவர் நண்பனாகவும் இருக்கலாம். நான் சிகிச்சைக்கு வருபவர்களுக்கும் வீடு விடுகிறேன். வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அது தனி வேலை. உள்ளூர் ஆளானாலும் ஸ்டேஷனில் விவரம் கொடுத்துவிடுவது நல்லது.

பாலாற்று மணல்:
மாடிவீடு, என்ன ஆயிற்று?

மாடிவீடு:
அசல் ஆதார் பார்த்தேன், ஒத்துப்போகிறது. காந்தி நகரில் முந்தைய வீட்டுக்காரம்மாவை நேரில் பார்த்தேன். வாடகை ஐந்தாம் தேதி தவறியதில்லையாம். நாய் இரண்டு இருக்கிறதாம். என்னிடம் மூச்சுவிடவில்லை. நன்றி அக்கா.

கோட்டை அகழி:
என்ன நாய்?

காட்பாடிக்காரன்:
கடைசியில் அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கினீர்கள்?