முதல் மதிப்பாய்வு, தெரிந்த தலைப்பு: என்ன செய்வது?

உப்புவெளி வைத்தியர்:
வணக்கம். திருகோணமலையில் மருத்துவ வோட்டில் வேலை செய்கிறேன். ஒரு சஞ்சிகை முதன்முறையாக எனக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையை மதிப்பாய்வுக்கு (வெளியிட முன் படித்துக் கருத்துச் சொல்ல) அனுப்பியிருக்கிறது. 14 நாள் தவணையில் 5 நாள் போய்விட்டது. (நோயின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதியிருந்தேன், இப்போது அழித்துவிட்டேன்.)

பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும் எழுதியவர்கள் யாரென்று ஊகிக்க முடிகிறது; நம் மாவட்டத்தில் எத்தனை பேர்தான் ஆய்வு செய்கிறோம்? அப்புறம், முறைகள் பகுதியில் 112 நோயாளர் என்கிறார்கள், இரண்டாம் அட்டவணையைக் கூட்டினால் 97தான் வருகிறது (எண்களை மாற்றித்தான் சொல்கிறேன்). நைட் டியூட்டி முடிந்து வந்து மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். அந்த 15 பேருக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இதை எப்படி எழுதுவது? என் ஆங்கிலம் சுமார். கட்டுரையை சாட்ஜிபிடியில் போட்டுக் கருத்தை எழுதி எடுக்கலாமா? கன்சல்டன்ட் சேரிடம் காட்டலாமா?

நிலாவெளி:
தங்கச்சி, தலைப்பை உடனே அழித்தது நல்லது. வெளிவராத கட்டுரை அவர்களுடைய சொத்து, அதைப் பற்றி வெளியே கதைக்கக் கூடாது. சாட்ஜிபிடியும் அதே கதைதான். மருத்துவச் சஞ்சிகைப் பதிப்பாசிரியர்களின் சர்வதேசக் குழு 2023லேயே சொல்லிவிட்டது: இரகசியம் காக்கப்படும் என்று உறுதியில்லாத செயலிகளில் கட்டுரையை ஏற்றக் கூடாது. சேரிடம் காட்டுவதென்றால் முதலில் பதிப்பாசிரியரிடம் கேளுங்கள். அவர் உதவினால் அவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும்.

மூதூர் புள்ளிவிபரம்:
15 பேர் விடயம்தான் முக்கியம். இதைக் குற்றச்சாட்டாக எழுத வேண்டாம். "112 பேர் சேர்க்கப்பட்டதாக உள்ளது, அட்டவணை 2இல் 97 பேர். மிகுதி 15 பேர் எந்தக் கட்டத்தில், ஏன் விடுபட்டார்கள் என்று விளக்கவும்" என்று எழுதினால் போதும். அவதானிப்பு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் (STROBE) பட்டியலும் இதைத்தான் கேட்கிறது: ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர், விலகியவர்கள் ஏன் விலகினார்கள். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 15 பேரும் கடும் நோயாளிகளாக இருந்து விடுபட்டிருந்தால் முடிவே தலைகீழாகும், அதைக் கேட்காமல் விடுவது நோயாளருக்குச் செய்யும் அநியாயம். ஏற்கலாமா, நிராகரிக்கலாமா என்ற உங்கள் கருத்தைப் பதிப்பாசிரியருக்கான பெட்டியில் மட்டும் எழுதுங்கள். உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டும்படி கேட்கவே கேட்காதீர்கள்.

நிலாவெளி:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இதே தலைப்பில் உங்களுக்கு ஏதும் ஆய்வு நடக்கிறதா?

உப்புவெளி வைத்தியர்:
ஓம் அக்கா. கிட்டத்தட்ட இதே ஆய்வுதான். ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

நிலாவெளி:
அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், விலகுங்கள். தாம் தயாரித்துக் கொண்டிருக்கும் கட்டுரையோடு மிகவும் ஒத்துப்போகும் கட்டுரையை மதிப்பாய்வாளர் ஏற்கக் கூடாது என்பது, ஆய்வு வெளியீட்டு நெறிகளைக் கவனிக்கும் கோப் (COPE) அமைப்பின் வழிகாட்டலிலேயே இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கும் அதே நியாயம்தான். நீங்கள் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், அவர்களைத் தாமதப்படுத்தத்தான் எழுதினீர்களா என்ற கேள்வி வரும். காரணத்தை இரண்டு வரியில் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள். தவணை முடியும்வரை வைத்திருந்தால் அவர்களுக்குத்தான் நாள் போகும்.

உப்புவெளி வைத்தியர்:
நேற்றிரவே எழுதினேன். காலையில் பதில் வந்தது, வேறொருவருக்கு அனுப்புகிறார்களாம். 15 பேர் கணக்கை மட்டும் பதிப்பாசிரியருக்குச் சொல்லிவிட்டேன், புது மதிப்பாய்வாளரைப் பார்க்கச் சொல்வதாக எழுதியிருக்கிறார். கட்டுரையை லப்டொப்பிலிருந்தும் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். என் ஆய்வுப் படிவத்தில், கட்டுரையைப் பார்த்த பிறகு தோன்றிய ஒரு கேள்வியைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். அதையும் அழித்துவிட்டேன்.