கரைமிச்சம்: ஃபாயில் படகுக்கு ஒரு சொல்

வணக்கம். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதை ஆங்கிலத்தில் ஃப்ரீபோர்டு (freeboard) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'விடுபலகை', 'விளிம்புயரம்' இரண்டில் ஒன்றை முடிவு செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுகிறேன். போன வாரம் ஃபாயில் (அலுமினியத் தாள்) படகு. 30 செ.மீ. சதுரத் தாள், நாலு பக்கமும் 5 செ.மீ. மடித்தால் 20க்கு 20 அடிப்பாகம், 5 செ.மீ. சுவர். மொத்தம் 2000 கன செ.மீ., அதாவது விளிம்புவரை அமிழ்ந்தால் 2 கிலோ தண்ணீரை ஒதுக்கும், தாளின் எடையோ சில கிராம்தான், ஆகவே கணக்குப்படி கிட்டத்தட்ட 2 கிலோ தாங்க வேண்டும். அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, 50 கிராம் மணல் பொட்டலங்களை ஒரு மூலையிலேயே அடுக்கினார்கள். ஆறாவது பொட்டலத்தில் அந்த மூலை அமிழ்ந்து படகு மூழ்கிவிட்டது. வெறும் 300 கிராம்! புதுப் படகு செய்து பரவலாக வைத்தபோது 1.3 கிலோவரை போய், அப்புறம்தான் சுவர் உள்ளே வளைந்தது.

இங்கேதான் சொல் தேவைப்படுகிறது. பொட்டலங்களை எண்ணினால் போதாது, விளிம்பின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு பாக்கி என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஃப்ரீபோர்டு என்பது இதைத்தான். 'விளிம்புயரம்' என்று சொன்னால் பிள்ளை சுவரை அளந்து 5 செ.மீ. என்று எழுதும், அது சுமை ஏற ஏற மாறாத அளவு. நாம் கேட்பதோ, பரவலாக வைத்தால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒன்றேகால் மில்லிமீட்டர் குறைந்துகொண்டே போவது. 'விடுபலகை' சொல்லுக்குச் சொல் வைத்தது, அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்காது.

ஒரு சிறுமி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரக்கடை கரை மிச்சம் இருக்கு சார்" என்றாள். கண்மாய் பார்த்து வளர்ந்த பிள்ளை. மழைக்காலத்தில் பெரியவர்கள் கரையில் நின்று பேசுகிற பேச்சு அது. அணைக்கும் கண்மாய்க்கும் நீர்மட்டத்துக்கு மேலே விடுகிற கரையைப் பொறியாளர்கள் இதே ஃப்ரீபோர்டு என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஆக, 'கரைமிச்சம்' என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். கண்மாயிலாவது தண்ணீர் ஏறினால் கலுங்கு என்கிற மிகைநீர் வாய் வழியாக மறுகால் போகும், படகுக்குக் கலுங்கு கிடையாது, கரைமிச்சம் தீர்ந்தால் அவ்வளவுதான். பிரிட்டனில் 1876இல் சட்டம் போட்டுக் கப்பல்களின் பக்கவாட்டில், எதுவரை அமிழலாம் என்று காட்டும் சுமைக்கோடு வரையச் சொன்னதும் இந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

'மிச்சம்' பேச்சுச் சொல், 'விளிம்பெச்சம்' என்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். எச்சம் என்றதும் பிள்ளைகளுக்குக் காக்கைதான் நினைவுக்கு வரும், அல்லது இலக்கண வகுப்பு. மிச்சம் வீட்டில் தினமும் புழங்குகிற சொல், ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

படகு மூழ்காமல் ஏற்கும் அதிகபட்ச எடைக்கு 'தாங்கெடை' என்று முன்பே பேசினோம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுமையை எங்கே வைத்தோம் என்பதையும் சேர்த்தே அதைச் சொல்ல வேண்டும், 300க்கும் 1300க்கும் ஒரே அளவுப் படகுதானே.

வரும் ஞாயிறு தரப்போகும் அட்டவணையில் 'பொட்டலம்', 'கரைமிச்சம் (மி.மீ.)' என்று இரண்டு பத்தி போடுகிறேன். மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.