சீலியாக் உள்ள குழந்தையோடு கப்பல் பயணம்: சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மழைக்குருவி:
வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரில் குரூஸ் கப்பல் ஏறுகிறோம். 4 இரவு, புக்கெட், பினாங்கு போய்விட்டுத் திரும்ப சிங்கப்பூர். நான், வீட்டுக்காரர், மாமியார், 8 வயது மகள். மகளுக்குச் சீலியாக். ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் பார்த்து டாக்டர் உறுதி செய்தது. குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய், அதனால் அது இருக்கும் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது. வீட்டில் பழகிவிட்டது, சென்னையில் நம்பி வெளியே சாப்பிடவும் சில இடங்கள் தெரியும், நடுக்கடலில் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இதோடு நாங்கள் சைவம், முட்டை மட்டும் உண்டு. புக்கிங் படிவத்தில் உணவு என்ற இடத்தில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய விடுகிறது. "இந்திய சைவம்" போட்டால் "குளூட்டன் ஃப்ரீ" போட முடியாது. எதைப் போடுவது? ஏஜெண்டைக் கேட்டால் "மேடம், இந்தியன் கவுண்டர்ல சாதம், சாம்பார், தோசை எல்லாம் இருக்கும், சைவம்னே போட்டுடுங்க, கவலையே படாதீங்க" என்கிறார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் கவலை அதிகமாகிவிட்டது.

சின்ன ரைஸ் குக்கரும் அரிசியும் எடுத்துப் போகலாமா? உடம்புக்கு ஏதாவது ஆனால் கப்பல் டாக்டரிடம் காட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_அல்வா:
நம்ம சாப்பாட்டில் கோதுமை எங்கே இருக்கிறது? சாதம், ரசம், தயிர் என்று நாலு நாள் ஓட்டிவிடலாம். அப்படியே துளி பட்டால்தான் என்ன, என் தங்கை பையனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தே பழக்கிவிட்டோம். ரொம்ப யோசிக்காதீர்கள்.

வெண்பொங்கல்:
@நெல்லை_அல்வா அண்ணே, உங்கள் பெயரிலேயே சம்பா கோதுமைப் பால் இருக்கிறது, நீங்கள் இப்படிச் சொல்லலாமா. சீலியாக் என்பது "ஒத்துக்கொள்ளாது" என்கிற வகை இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது. கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்க முடியாது, வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பது ஒன்றுதான் வைத்தியம். குளூட்டன் ஃப்ரீ என்று லேபிள் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி, நம் நாட்டிலும் அதே அளவுதான். ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதன் பொடி ஒட்டிய கத்தியால் பழம் வெட்டினாலே பிரச்சினை என்பது இந்தக் கணக்கில் புரியும்.

ரசம் பற்றிச் சொன்னீர்களே, கடையில் வாங்கும் தூள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சுத்தப் பெருங்காயம் கொஞ்சம்தான், மீதி பிசினும் கோதுமை மாவும். சாம்பார், ரசம், தயிர்சாதத் தாளிப்பு, தேங்காய்ச் சட்னி, இட்லிப் பொடி, முறுக்கு என்று அது போகாத இடம் இல்லை. என் அக்காவுக்குச் சீலியாக் தெரிந்த பிறகும் உடம்பு தேறாமல் கிடந்தாள், பெருங்காயத்தை மாற்றிய பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் பொருள்) அளவு இறங்கியது. அரிசி மாவில் செய்த பெருங்காயம் கிடைக்கிறது, வீட்டில் அதுதான் இப்போது.

முத்துநகர்_குக்:
சகோதரி, நான் தூத்துக்குடிக்காரன், குரூஸ் கப்பல்களில் சமையல் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம்ம ஆட்கள் ஏறியதும் நேராக இந்தியன் கவுண்டருக்கு ஓடுவார்கள். உங்கள் மகளுக்குக் கப்பலிலேயே ஆபத்தான இடம் அதுதான். சாம்பார், கறி, பருப்பு எல்லாம் ஆள் உயரப் பாத்திரத்தில் ஒரே கொதியில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இறங்குவது. தாளிப்பில் பெருங்காயம் விழுந்தாயிற்று என்றால் ஒரு தட்டுக்கு மட்டும் அதை எடுத்துவிட முடியாது. தோசைக் கல்லில் பத்து நிமிடம் முன்னால் சப்பாத்தி போட்டிருப்பார்கள். பஃபேயில் வரிசையில் நிற்பவர்கள் பாஸ்தா எடுத்த கரண்டியாலேயே சாதமும் எடுப்பார்கள். பொரித்த உருளைக்கிழங்கு வெறும் கிழங்குதானே என்று நினைப்பீர்கள், பிரெட் தூள் தோய்த்ததைப் பொரித்த எண்ணெய்தான் அதுவும்.

பாதுகாப்பானது மெயின் டைனிங் ரூம். உட்கார்ந்து ஆர்டர் கொடுத்துச் சாப்பிடும் இடம். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் முடிந்தவரை அங்கேயே போங்கள். தட்டுத் தட்டாகச் செய்வதால் தனிப் பலகை, தனிப் பாத்திரம் வைத்துச் செய்ய முடியும். பல சமையலறைகளில் ஒவ்வாமை ஆர்டருக்கு ஊதா நிறப் பலகையும் கத்தியும் தனியாக இருக்கும். சாப்பிடும் நேரத்தைத் தேர்வு செய்யச் சொன்னால் தினமும் ஒரே நேரம், ஒரே மேசை என்பதைப் போடுங்கள், அப்போதுதான் அதே வெயிட்டரும் அதே ஹெட் வெயிட்டரும் கிடைப்பார்கள். தினம் ஒரு புது ஆளிடம் முதலிலிருந்து கதை சொன்னால் ஒருவராவது தப்பாகப் புரிந்துகொள்வார்.

ஏறிய அன்றே, முதல் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ஹெட் வெயிட்டரைப் பாருங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மறுநாள் மெனுவைக் கொண்டு வந்து தருவார், அதைப் பார்த்து மகளுக்கு வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். இதை அவர் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் அன்றைக்கே போய்ச் சொன்னால் முன்கூட்டி மாவு கரைத்து வைத்த சாஸ், மாவு சேர்த்த சூப் என்று எல்லாமே தயாராக இருக்கும், சமையல்காரர் சாலட் ஒன்றைத்தான் தருவார். முந்தைய இரவே சொன்னால் சாஸைத் தனியாகச் செய்வார்.

படிவத்தில் குளூட்டன் ஃப்ரீ போடுங்கள், சைவத்தை வாயால் சொல்லிக்கொள்ளலாம். சைவத்தில் தப்பு நடந்தால் தட்டைப் பார்த்ததுமே தெரியும், தள்ளி வைத்துவிடலாம். குளூட்டன் கண்ணுக்குத் தெரியாதே. "மருத்துவக் காரணம், சீலியாக், முட்டை சேர்க்கும் சைவம்" என்று இரண்டையும் எழுதி, ஏஜெண்ட் மூலமாகக் கப்பல் நிறுவனத்தின் சிறப்பு உணவுப் பிரிவிலிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்டின் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டைக் கப்பலில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ரைஸ் குக்கர் வேண்டாம். சூடாகும் மின்சாதனம் எதையும் கேபினில் விட மாட்டார்கள், ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வீட்டில் சமைத்ததும், பழம் காய்கறியும் பொதுவாக அனுமதி இல்லை. சீல் பிரிக்காத பாக்கெட் பண்டங்கள் பெரும்பாலும் போகும்.

பரமபதம்:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். விமானத்திலும் இதே சிக்கல் வரும், ஒரு பயணிக்கு ஒரு சிறப்பு உணவுதான். குளூட்டன் ஃப்ரீ கேட்டால் கோழி வரலாம், இந்திய சைவம் கேட்டால் சப்பாத்தி வரும். சென்னை சிங்கப்பூர் நாலு மணி நேரச் சொச்சம்தான், வீட்டு இட்லியை, கோதுமை இல்லாத பெருங்காயம் போட்டு அரைத்த மிளகாய்ப் பொடி தடவிக் கையோடு கொண்டு போங்கள், மிச்சத்தைச் சிங்கப்பூரில் இறங்கும் முன் முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, கப்பல் ஏறும் அன்று மதியம் எல்லோரும் பசியோடு உள்ளே போவீர்கள், பெரும்பாலும் பஃபே மட்டும்தான் திறந்திருக்கும், பெரிய பெட்டி கேபினுக்கு வர சாயங்காலம் ஆகும். அந்த ஒரு வேளைக்குக் கடலைமிட்டாய், லேபிள் பார்த்து வாங்கிய அவல் மிக்ஸ் ஏதாவது கைப்பையில் இருக்கட்டும். டாக்டர் கடிதமும் அதே கைப்பையில்.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. முத்துநகர் அண்ணா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை. குளூட்டன் ஃப்ரீ என்று மாற்றி, எழுத்தில் பதிலும் வாங்கிவிட்டேன். ஏஜெண்டுக்குக் கொஞ்சம் கோபம்தான், இருக்கட்டும். மாமியார்தான் "சாம்பார் இல்லாமல் குழந்தை எப்படி இருக்கும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கப்பலில் வைஃபை வாங்கினால் அங்கிருந்து எழுதுகிறேன்.

மழைக்குருவி:
கப்பலில் இருந்து எழுதுகிறேன். டைனிங் ரூமில் நம் பெயருக்கு நேரே குறிப்பு இருந்தது, ஹெட் வெயிட்டர் பிலிப்பைன்ஸ்காரர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் முதல் இரவே ஒன்று நடந்தது. குளூட்டன் ஃப்ரீ பன் என்று கொண்டு வந்த வெயிட்டர் அதைச் சாதாரண பன் கூடையிலேயே, அவற்றின் மேலேயே வைத்துக் கொண்டு வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்ததாக உறை போட்டு மூடி வந்தது.

இன்று காலை மாமியார் தோசைக் கவுண்டருக்குப் போய், நம்ம ஊர்ப் பையன் ஒருவரைப் பிடித்துப் பேசி, "கோதுமையே இல்லை என்று சொல்கிறான், நல்ல பையன்" என்று மகளையும் கூட்டிப் போகப் பார்த்தார். நான் பெருங்காய டப்பாவைக் காட்டச் சொன்னேன். அந்தத் தம்பி தயங்காமல் எடுத்து வந்து, அவரே படித்துவிட்டு, முகம் மாறி "சாரிக்கா, மைதா போட்டிருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம், யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. மாமியார் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கேள்வி. மகளுக்கு மத்தியானத்திலிருந்து வயிறு வலி, ஒரு தடவை வாந்தி. அலைக்காக இருக்கலாம், எதிலாவது குளூட்டன் பட்டதா என்றும் தெரியவில்லை. மெடிக்கல் சென்டர் போகட்டுமா? காலையில் குழந்தைகள் கிளப்பில் கொஞ்ச நேரம் விளையாடினாள், அங்கே எதுவும் சாப்பிடவில்லை என்கிறாள்.

முத்துநகர்_குக்:
போங்கள், தயங்க வேண்டாம். கட்டணம் வாங்குவார்கள், பில்லைப் பயணக் காப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே போனதும் முதல் வார்த்தையே சீலியாக் என்று சொல்லி டாக்டர் கடிதத்தைக் காட்டுங்கள். வாந்தி, பேதி என்றாலே கப்பலில் நோரோ வைரஸ் என்றுதான் முதலில் நினைப்பார்கள், அது பரவினால் கப்பலே படுத்துவிடும், அதனால் அறிகுறி நின்று ஒன்றிரண்டு நாள் ஆகும் வரை கேபினை விட்டு வெளியே விட மாட்டார்கள். அதற்குப் பயந்து மறைக்கவும் கூடாது, உண்மையிலேயே வைரஸாக இருந்தால் மற்ற குழந்தைகளுக்குப் போகும். கடிதம் இருந்தால் டாக்டர் இரண்டையும் வைத்துப் பார்ப்பார்.

வெண்பொங்கல்:
கிளப்பில் வண்ணக் களிமண் மாதிரி மாவு வைத்து விளையாடினாளா என்று கேளுங்கள். விளையாட்டு மாவு பலவற்றில் கோதுமைதான் அடிப்படை. கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் போதும். சானிடைசர் குளூட்டனைப் போக்காது, சோப்பும் தண்ணீரும்தான். இப்போதைக்கு ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மழைக்குருவி:
அக்கா, அதேதான்! டைனோசர் செய்தாளாம். கை கழுவவில்லை. டாக்டர் பார்த்தார், காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, அதனால் அடைத்து வைக்கவில்லை. மறுபடி வாந்தி வந்தால் உடனே சொல்லச் சொன்னார். அலையா மாவா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது தூங்குகிறாள். ஊருக்கு வந்ததும் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டுமா?

வெண்பொங்கல்:
ஒரு தடவை பட்டதை அந்த ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலும் காட்டாது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் அளவு அது. வழக்கமாக எடுக்கும் தேதியிலேயே எடுக்கலாம், டாக்டரிடம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மழைக்குருவி:
சரி அக்கா. நாளை புக்கெட், மறுநாள் பினாங்கு. இறங்கிய இடத்தில் அவளுக்கு எதுவும் வாங்கித் தரலாமா, இல்லை பட்டினிதானா?

பரமபதம்:
புக்கெட்டில் பெரும்பாலும் கப்பல் தள்ளி நின்று சின்னப் படகில் படோங் கடற்கரைக்குக் கொண்டு போய் விடுவார்கள், போக வர நேரம் பிடிக்கும், காலைச் சாப்பாட்டை டைனிங் ரூமில் முடித்துவிட்டே படகு ஏறுங்கள். அங்கே சமைத்தது எதுவும் வேண்டாம், சோயா சாஸிலும் சிப்பி சாஸிலும் பொதுவாகக் கோதுமை உண்டு, அவை இல்லாமல் வாணலியே அடுப்பில் ஏறாது. இளநீர், கண் முன்னால் உரிக்கும் பழம், அவ்வளவு போதும். பினாங்கில் சீன சைவக் கடைப் பக்கமே போகாதீர்கள், அங்கே வாத்து, கோழி என்று அச்சு அசலாக வைத்திருக்கும் சைவக் கறி பெரும்பாலும் குளூட்டனையே பிழிந்து செய்தது. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். இடியாப்பத்தை அங்கே புட்டு மாயம் என்று விற்பார்கள், தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துத் தருவது. வெறும் அரிசி மாவா என்று தமிழிலேயே கேட்கலாம். குழம்பு மட்டும் ஊற்ற விடாதீர்கள், அங்கேயும் அதே பெருங்காயம்தான். மிச்சம் இருந்தால் கப்பலுக்குள் கொண்டு போக விட மாட்டார்கள், அங்கேயே சாப்பிட்டு முடிக்கட்டும்.