நாலு நாளா ஒருத்தரும் பதில் போடேல்ல, பிறகேன் உதவித் தளம் எண்டு பேர்?

வெள்ளவத்தை_அச்சு | செவ்வாய் இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். இது கேள்வி எண்டு சொல்லேலாது, மனவருத்தம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. வெள்ளவத்தையில சின்னதா ஒரு டைப்செட்டிங் கடை வச்சிருக்கிறன், கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், கல்வெட்டு (செத்தவையின்ர நினைவுப் புத்தகம்), இதுகள்தான் வேலை. போன வெள்ளி ஒரு பைல்ல தமிழ் குழம்பிப்போச்சு. நான் பாவிக்கிறது காசில்லாத ஒபிஸ் சொஃப்ட்வெயார், அதுக்கு ஒரு உதவித் தளம் இருக்கு, எல்லாம் இங்கிலீஷ்தான், மகளை இருத்தி வச்சு எழுதுவிச்சுப் போட்டன். இண்டைக்கு செவ்வாய். 61 பேர் பாத்ததா காட்டுது, ஒரு பதில் கிடையாது. சனிக்கிழமை அதுக்குக் கீழயே "யாராவது இருக்கிறீங்களா" எண்டு திரும்பப் போட்டன். ஞாயிறு வேற மூண்டு இடத்திலயும் அதையே போட்டன். நேற்று ஒரு ஆள் வந்து "இதை மற்ற இடத்திலயும் கேட்டிருக்கிறீங்கள்" எண்டு மட்டும் எழுதிப்போட்டுப் போயிட்டார். அதை எழுத நேரமிருக்கு, பதில் எழுத நேரமில்ல.

உதவி செய்யிறம் எண்டு போர்ட் போட்டா செய்ய வேணும்தானே. என்ர கடையில போட்டோகொப்பி எண்டு எழுதிப்போட்டு, சனம் வந்து நிக்க நான் பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தா விடுவினமோ?

கொட்டாஞ்சேனை_77 | 9.58

அண்ணே கோவிக்காதீங்க, ஒங்க கடையில போட்டோகொப்பிக்கு காசு வாங்குவீங்கதானே. அங்க ஒரு மனுசனும் ஒரு சதம் வாங்கல. அவ்வளவுதான் விசயம்.

வெள்ளவத்தை_அச்சு | 10.05

காசு கட்டவும் நான் ரெடி தம்பி, எங்க கட்டுறது எண்டு ஒரு இடமும் காட்டேல்லயே. காசில்லாத சாமான் எண்டா இப்பிடித்தான் எண்டு பக்கத்துக் கடைக்காரன் முதலே சொன்னவன். மகள் ஏஐட்டயும் கேட்டவள், அது ரெண்டு செக்கண்டில பதில் சொல்லிச்சு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஃபொண்டை லதா எண்ட தமிழ் ஃபொண்டுக்கு மாத்துங்கோ எண்டு. மாத்தினன். அதுக்குப் பிறகுதான் முழுசா நாசமாப் போச்சு.

பழைய_லினக்ஸ்காரன் | 10.31

அண்ணை, நான் மற்றப் பக்கத்தில இருந்து சொல்லுறன். 11 வருசமா ஒரு லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனா காசில்லாதது) உதவித் தளத்தில பதில் எழுதுறன், ஒருத்தரும் என்னை வேலைக்கு வைக்கேல்ல, எனக்கு அது ஒரு பழக்கம், சிலருக்கு கிரிக்கெட் மாதிரி. வேலை முடிஞ்சு 100 பஸ்ஸில தொங்கி வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் படுத்த பிறகு ஒன்பதரைக்கு லப்டொப்பைத் திறந்தா அண்டைக்கு வந்த கேள்வி நாப்பது ஐம்பது கிடக்கும். ஒரு மணித்தியாலத்தில மூண்டுக்கு ஒழுங்கா எழுதலாம். எந்த மூண்டு? தலைப்பைப் பாத்துத்தான். "உதவி", "அவசரம்", "வேலை செய்யேல்ல" எண்டு இருக்கிறதைக் கடந்து போயிடுவன், திமிரில இல்ல, உள்ள என்ன இருக்கு எண்டு பாக்கவே பத்து நிமிசம் போயிடும், அதுக்குள்ள தலைப்பிலயே பிரின்டர் பேரும் எரர் நம்பரும் போட்டவருக்கு பதில் எழுதி முடிச்சிடுவன்.

61 பேர் பாத்தவை எண்டு சொல்லுறீங்கள். அதில அரைவாசி கூகிள்ட ரோபோவா இருக்கும். மிச்ச ஆக்களுக்கு விடை தெரியேல்ல, இல்லாட்டி கேள்வி விளங்கேல்ல. தெரியாதவர் ஒவ்வொருத்தரும் "எனக்குத் தெரியாது" எண்டு எழுதிவிட்டுப் போனா அதுவும் நல்லா இராதுதானே.

அடுத்தது நேரம். கொழும்பில நீங்கள் காலமை 9 மணிக்கு கடை திறக்கேக்க ஜேர்மனியில விடிய நாலரை, கோடை காலம் எண்டா ஐந்தரை. அமெரிக்காவில கிழக்குப் பக்கம் முதல்நாள் ராத்திரி. ஜேர்மன் ஆக்கள் வேலையால வந்து பின்னேரம் ஏழு மணிக்கு உக்காந்தா உங்களுக்கு ராத்திரி பத்தரை, பதினொண்டரை. நீங்கள் விடியப் பாத்திட்டு ஒண்டும் இல்ல எண்டு கோவிக்கிறீங்கள், அவை அப்பதான் படுத்திருப்பினம்.

சனிக்கிழமை செய்தீங்களே, உங்கட கேள்விக்குக் கீழ நீங்களே எழுதினது, அதைத்தான் நான் பெரிய பிழை எண்டு சொல்லுவன். என்னை மாதிரிக் கன பேர் "பதில் பூச்சியம்" எண்டு இருக்கிறதை மட்டும் வடிகட்டித்தான் பாப்பம். நீங்கள் "யாராவது இருக்கிறீங்களா" எண்டு எழுதின உடன அந்தப் பூச்சியம் ஒண்டாயிட்டுது. ஆரோ கவனிக்கினம் எண்டு நினைச்சு எல்லாரும் விலத்திப் போயிருப்பினம்.

நாலு இடத்தில போட்டதுக்கு ஏன் அந்த ஆள் கடுப்பானவர் எண்டா, எனக்கும் அது நடந்திருக்கு. ஒருத்தருக்காக ஒரு பழைய வெர்ஷனை வேற மெஷின்ல ஏத்தி, அவர் சொன்ன பிழையை நானும் வரவச்சு, ராத்திரி ஒரு மணிக்கு பதில் எழுதி முடிச்சன். அடுத்த நாள் பாத்தா வேற ஒரு தளத்தில அவருக்கு அதே பதில் முதல்நாள் பின்னேரமே கிடைச்சிருக்கு. இஞ்ச வந்து ஒரு வரி சொல்லேல்ல.

ஊசிநூல் | 10.52

லினக்ஸ் நானா சொல்றது எல்லாம் சரிதான், ஆனா ஒரு பக்கம் மட்டும் சொல்றீங்க. நான் கேட்ட எடத்துல எனக்கு பதில் வந்திச்சி, அஞ்சி நிமிசத்துல. என்ன பதில் தெரியுமா, "தேடிப் பாத்தீங்களா?" அவ்ளோதான். நான் ரெண்டு நாள் தேடிட்டுத்தான் கேட்டேன். பொறகு இன்னொருத்தர் வந்து இது பழைய கேள்வின்னு பூட்டிட்டாரு, அவர் காட்டின பழைய கேள்வி 2012ல உள்ளது, அந்த மெனுவே இப்ப இல்ல. நான் தையல் டிசைன் செய்ற ஆள், கம்பியூட்டர் படிச்சவ இல்ல. அதுக்குப் பொறகு ரெண்டு வருசம் நான் எங்கயும் வாய் தொறக்கல்ல, தெரியாதத தெரியாமலே வச்சிக்கிட்டேன்.

பதில் தாங்கன்னு நெருக்க கேக்கிறவங்களுக்கு உரிம இல்லன்னு சொல்றீங்க, சரி ஒத்துக்கிறேன். பதில் சொல்றவங்களுக்கு ஆள கேவலப்படுத்த உரிம ஈக்கா? ஏலாட்டி சும்மா போங்க. அதுவும் ஒரு உதவிதான்.

பழைய_லினக்ஸ்காரன் | 11.01

அது சரி சகோதரி. நானும் முதல் ரெண்டு மூண்டு வருசம் அப்பிடி எழுதினவன்தான். ஒரே கேள்வியை நூறாம் தரம் வாசிக்கேக்க, கேக்கிற ஆளுக்கு அது முதல் தரம் எண்டது மறந்து போயிடும்.

பேக்எண்ட்_பெடியன் | 11.20

அண்ணை "காசில்லாத சாமான் எண்டா இப்பிடித்தான்" எண்டு பக்கத்துக் கடைக்காரர் சொன்னதுக்கு மட்டும் நான் ரெண்டு வார்த்தை சொல்லாம விடேலாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமப் போன ஆக்களைத் தேடவும் முகாம்களைப் பதியவும் சஹானா எண்டு ஒரு சொஃப்ட்வெயார் எழுதினது எங்கட நாட்டு ஐடி ஆக்கள்தான், வொலண்டியரா. அடுத்த வருசம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அதைப் பாவிச்சவை, 2006இல ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன்ட சமூகநல விருதும் கிடைச்சது. காசு வாங்காம செய்தா வேலை குறையும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

ஆனா ஆக்களை நெருக்கினா என்ன நடக்கும் எண்டதுக்கு எக்ஸ்இசட் கதை இருக்கு. பைலைச் சுருக்கிற ஒரு சின்ன சொஃப்ட்வெயார், லினக்ஸ் ஓடுற கிட்டத்தட்ட எல்லா மெஷினிலயும் இருக்கு, அதைப் பாத்துக்கொண்டது கிட்டத்தட்ட ஒரே ஆள், சம்பளம் இல்லாம. 2022இல சில பேர் வந்து, ஏன் இவ்வளவு சுணக்கம், ஏலாட்டி வேற ஆளிட்டக் குடுங்கோ எண்டு அந்த மனுசனை அரிச்சு எடுத்தவை. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு எண்டு அவரும் சொல்லிப் பாத்தார். கடைசியா, நல்லபிள்ளை மாதிரி உதவி செய்துகொண்டிருந்த ஜியா டான் எண்ட பேருக்கு பொறுப்பில பங்கு குடுத்தார். அந்தப் பேர்தான் 2024இல 5.6.0, 5.6.1 வெர்ஷன்களுக்குள்ள கள்ளக்கதவு வச்சது. அரிச்ச ஆக்களும் அதே கூட்டம்தான் எண்டு கன பேருக்கு சந்தேகம். பிடிச்சது எப்பிடித் தெரியுமோ? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் எண்டு ஒரு எஞ்சினியர், எஸ்எஸ்ஹெச்சால (தூரத்தில இருக்கிற மெஷினுக்குள்ள போற வழி) உள்ள போக அரைச் செக்கண்ட் பிந்துதே எண்டு தோண்டிப் பாத்திருக்கிறார். அரைச் செக்கண்ட்!

அண்ணைட "யாராவது இருக்கிறீங்களா"வை அதோட ஒப்பிடேல்ல, கோவிக்காதேங்கோ. ஒரு பக்கம் பாத்தா எல்லா இடத்திலயும் நெருக்கிற குரல் ஒரே மாதிரித்தான் கேக்கும், அதைத்தான் சொல்ல வந்தனான்.

பழைய_லினக்ஸ்காரன் | 11.34

சரி கதை காணும். அண்ணை, கேள்வியை இஞ்ச போடுங்கோ பாப்பம். மகள் வச்ச தலைப்பு என்ன?

வெள்ளவத்தை_அச்சு | 11.41

தலைப்பா. "தமிழ் வேலை செய்யேல்ல, தயவுசெய்து உதவி, மிக மிக அவசரம்", பின்னால ஐஞ்சு ஆச்சரியக்குறி. சிரிக்காதேங்கோ.

முழுக்கச் சொல்லுறன். 2006இல ஒரு ஐயா செத்தவர், அவற்ற கல்வெட்டு என்ர கடையிலதான் அடிச்சது. இப்ப அவற்ற மனுசி தவறிட்டா, வாற ஞாயிறு அந்தியேட்டிக் கிரியை. குடும்ப மரம், தேவாரப் பக்கம் எல்லாம் பழைய பைல்ல இருக்கு, அதைத் திருத்தி எடுப்பம் எண்டு நினைச்சன். என்ர கொம்பியூட்டர்ல நல்லாத்தான் தெரிஞ்சது. கனடாவில இருக்கிற அவையின்ர மகள் அச்சுக்குப் போக முதல் போன்ல வாசிச்சுப் பாக்க வேணும் எண்டு கேட்டவ. அனுப்பினா அவவுக்கு தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்தும் இடைக்கிடை அரைப்புள்ளியுமா வருதாம். ஏஐ சொன்னபடி ஃபொண்டை மாத்தினதும் எனக்கும் அப்பிடியே வந்திட்டுது. தாயின்ர பேர் இருந்த இடத்தில நாலு இங்கிலீஷ் எழுத்தும் ரெண்டு அரைப்புள்ளியும், அதைப் பாத்து அந்தப் பிள்ளை போன்ல அழுதது. அதான் எனக்கு அவசரம்.

ஹட்டன்_டு_கொழும்பு | 11.49

அண்ணே ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பழைய பைல் பாமினி ஃபொண்ட்ல அடிச்சதா?

வெள்ளவத்தை_அச்சு | 11.51

ஓம், வேற எதில? தமிழ் எண்டா பாமினிதானே. அதை ஏன் தனியா எழுதுவான் எண்டு விட்டிட்டன்.

ஹட்டன்_டு_கொழும்பு | புதன் அதிகாலை 12.20

அதுதாங்க கேள்வியில விட்டுப்போனது. அங்க உள்ள வெள்ளக்காரனுக்கு பாமினின்னா என்னன்னே தெரியாது, தமிழ் வேலை செய்யலன்னா அவன் எதன்னு பிடிப்பான்?

பாமினி பைல்ல இருக்கிறது தமிழே இல்லங்க. உள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துதான், அதுக்கு மேல தமிழ் முகமூடி போட்டது மாதிரி அந்த ஃபொண்ட். புள்ளி வைக்கிறதுக்கு அரைப்புள்ளிய அடிப்பீங்க, ஞாபகம் இருக்கா, அதுதான் போன்ல அரைப்புள்ளியா வருது. லதாவுக்கு மாத்துனா முகமூடி கழண்டிரும், அவ்வளவுதான், ஏஐ சொன்னது யூனிகோடு (உள்ளயே உண்மையான தமிழ் எழுத்தா இருக்கிற முறை) பைலுக்கு சரி, இதுக்கு இல்ல. இத மாத்தணும்னா ஃபொண்ட மாத்தக்கூடாது, எழுத்தையே மாத்தணும். பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்துறதுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ்ல ஓடும். நீங்களா ஒவ்வொரு எழுத்தா தேடி மாத்த நினைக்காதீங்க, ஏன்னா பாமினியில "கொ" அடிக்கிறப்போ கொம்பு முதல்ல, பிறகு க, பிறகு கால். யூனிகோடுல க தான் முன்னுக்கு. நேரா மாத்துனா கொம்பு எல்லாம் முன்னாடி எழுத்துல போய் ஒட்டிக்கும்.

ரெண்டு விசயம் கவனம். ஃபொண்ட் மாத்தாத பழைய கொப்பிய எடுங்க. பிறகு முழுசா ஒரேயடியா போடாதீங்க, கனடா அட்ரஸ், ஈமெயில் எல்லாம் உண்மையான இங்கிலீஷ்தானே, அதையும் தமிழாக்கிரும். தேடுற பெட்டியில ஃபொண்ட் பேர வச்சு தேடலாம், பாமினி உள்ள துண்டுகள மட்டும் எடுத்து மாத்துங்க. நம்பருக்கு பயம் இல்ல, பாமினியிலயும் நம்பர் நம்பர்தான்.

வெள்ளவத்தை_அச்சு | புதன் பின்னேரம் 4.15

வந்திட்டுது! பென் டிரைவ்ல பழைய கொப்பி இருந்தது. தேவாரப் பக்கம் முழுக்க சரி, குடும்ப மரம் சரி. கனடாவுக்கு அனுப்பி அந்தப் பிள்ளை வாசிச்சிட்டுது. தம்பி, நீர் ஆர் எண்டும் தெரியாது, வெள்ளவத்தைப் பக்கம் வந்தா கடைக்கு வாரும், பிளேன்ரீ என்ர கணக்கு.

ஒண்டு மட்டும் பிழைக்குது. பேத்தியின்ர பேர் ஔவை, அது "ஒள" எண்டு ரெண்டு எழுத்தா வருது.

ஹட்டன்_டு_கொழும்பு | 4.32

அது பாமினியில ஒ-வும் ள-வும் சேத்து அடிக்கிறதாலங்க. கையால மாத்துங்க, ஆனா மொத்தமா தேடி மாத்திறாதீங்க, "ஒளி" எல்லாம் கெட்டுப்போகும்.

பழைய_லினக்ஸ்காரன் | 9.47

அண்ணை, அந்த நாலு இடத்திலயும் போய் விடையை எழுதிவிடுங்கோ, தலைப்பில பாமினி எண்டு போட்டு.

வெள்ளவத்தை_அச்சு | 10.10

மூண்டில போட்டாச்சு. நாலாவதின்ர பாஸ்வேர்ட் மகளிட்டத்தான், அவள் டியூஷனால வர போடுறன். அந்தக் கடுப்பான ஆளுக்கும் ஒரு தேங்ஸ் எழுதினனான்.