மறு: ஹேஷிங், சால்ட்டிங் – ‘அரவை’, ‘உப்பு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்ப எடுக்க முடியாத வேறொரு சரமாக மாற்றி வைப்பதுதான் ஹேஷிங். அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழ் தேடும் நம் இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஹேஷிங்குக்கும் ‘மறையாக்கம்’ என்றே போட்டுவிட்டால் என்ன? பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான், ஆனால் இங்கே போட்டால் பொருளே மாறிவிடும். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) என்றால் ஒரு சாவி இருக்கும். சாவி உள்ளவர் பழைய வடிவத்தைத் திரும்ப எடுத்துவிடலாம். ஹேஷிங்கில் சாவியே கிடையாது. நாம் உள்நுழையும்போது கணினி, சேமித்து வைத்திருப்பதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இப்போது அடித்த கடவுச்சொல்லை அதே முறையில் மறுபடி ஓட்டி, இரண்டு விடையும் ஒன்றுதானா என்று மட்டும் பார்க்கிறது. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்றதும் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் தளம், ஹேஷ் மட்டும் வைத்திருக்கும் தளமாக இருக்க முடியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதனால்தான் ‘அரவை’ என்கிறேன். நெல் அரவை, கரும்பு அரவை என்று ஏற்கெனவே புழங்கும் சொல். மில்லுக்குள் போன அரிசி மாவாகத்தான் வரும். மாவை அரிசியாக்கும் மில் எங்கும் இல்லை. முதலில் பேசிய ‘அரைப்பு’ வேண்டாம். கோவைப் பக்கத்து நண்பர் சொன்னது சரி, அங்கே அது தலைக்குத் தேய்க்கும் பொடி. எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் ஒரே நீளத்தில் விடை வரும் என்பது ‘அரவை’யில் தெரியவில்லை என்ற குறையை ஏற்கிறேன். அதை விளக்கவுரையில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து, உப்பு: அரைக்கும் முன் ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் சேர்க்கும் தற்செயலான சரம், ஆங்கிலத்தில் ‘சால்ட்’. ‘சேர்க்கைச் சரம்’ என்ற பரிந்துரை பிழையில்லை, ஆனால் யார் வாயிலும் நிற்காது. தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் இரண்டு மாணவிகளுக்குக் கணக்கு தொடங்கி, இருவருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்தோம். அப்புறம் கடவுச்சொல் அரவைகளைச் சேமிக்கும் ஷேடோ கோப்பைத் திறந்து காட்டினேன். இரண்டு வரியும் டாலர் குறி, ஒய், டாலர் குறி என்றுதான் தொடங்கின. அது யெஸ்கிரிப்ட் என்ற அரவை முறைக்கான அடையாளம். 2021இல் வந்த டெபியன் 11 முதல் அதுதான் இயல்பிருப்பு. அதற்குப் பிறகு வந்த உப்பு வேறு வேறு, அதனால் கடைசியில் இருந்த அரவையும் துளிகூட ஒத்துப்போகவில்லை. உடனே ஒருத்தி கேட்டாள்: “அண்ணா, உப்பை அப்படியே பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்களே, திருடறவன் பாத்துட மாட்டானா?”

பார்ப்பான், பார்த்தாலும் பரவாயில்லை. உப்பு ரகசியமாக இருக்க வேண்டியதே இல்லை. உப்பு இல்லாவிட்டால், பரவலாகப் புழங்கும் கடவுச்சொற்களை எல்லாம் ஒரே முறை அரைத்துப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, திருடிய கோப்பு முழுவதையும் அதோடு ஒப்பிட்டுவிடலாம். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் அரவைகள் உப்பு போடாதவை. ஆளுக்கொரு உப்பு இருந்தால் அந்தப் பட்டியல் வீண். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து அரைத்தாக வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 12 பிட் உப்பு சேர்த்ததை ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் கடவுச்சொல் பாதுகாப்பு பற்றிய 1979 கட்டுரையிலேயே விளக்கியிருக்கிறார்கள். அன்று 4096 வகை உப்பு. பின்னால் வந்த பிகிரிப்ட் என்ற அரவை முறையில் 128 பிட்.

ரகசியமாக, தரவுதளத்துக்கு வெளியே தனியாக வைக்கும் சரத்துக்கு ஆங்கிலத்திலும் மிளகு என்றுதான் பெயர். ‘உப்பு’ என்று வைத்தால் ‘மிளகு’ம் கையோடு வந்துவிடும். ‘சேர்க்கைச் சரம்’ என்று போனால் அதற்கு இன்னொரு நீளச் சொல் தேட வேண்டும்.

> ‘காஸ்ட்’ என்பதற்குச் ‘செலவு’ போதாதா?

போதாது, பணம் என்று நினைத்துவிடுவார்கள். ‘காஸ்ட்’ என்பது ஒருமுறை அரைக்க எவ்வளவு வேலை ஆக வேண்டும் என்று குறிக்கும் எண். உண்மையில் இந்தத் துறையின் சாரமே இதில்தான் இருக்கிறது. ஷா-256 போன்ற அரவை முறைகள் வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்குக் கோடிக்கணக்கில் அரைத்துத் தள்ளும். கோப்பு சரிபார்க்க அது நல்லது, கடவுச்சொல்லுக்கு ஆகாது. கடவுச்சொல்லுக்கு வேண்டுமென்றே மெதுவாக அரைக்க வேண்டும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதி 1999இல் வெளியான பிகிரிப்டில் இந்த ‘காஸ்ட்’ எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். கணினிகள் வேகமாக ஆக ஆக எண்ணையும் ஏற்றிக்கொண்டே போகலாம். 2015இல் கடவுச்சொல் ஹேஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 என்ற முறை, நேரத்தோடு நினைவகத்தையும் நிறையக் கேட்கிறது. அதனால், எத்தனை முறை என்பதை மட்டும் சொல்லும் ‘சுற்று’ என்பதும் பொருந்தாது. ‘அரவைச் சுமை’ என்றால் நேரம், நினைவகம் இரண்டும் அடங்கும்.

தரவை விரைவாகத் தேடி எடுக்க உதவும் ஹேஷ் டேபிளுக்கு ‘அரவை அட்டவணை’ சரிவருமா என்பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. அங்கே வேகம்தான் முக்கியம், ஒருவழி என்பது அவசியமே இல்லை. அதைத் தனி இழையில் பேசுவோம். அரவை, உப்பு, மிளகு, அரவைச் சுமை: இந்த நான்குக்கும் ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். கடவுச்சொல் மாற்றும் திரையின் மொழிபெயர்ப்பில் அன்று மாலை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து